நோய் ஒத்துழைப்பு சக்தி

ஒரு நாட்டில் நிர்வாகம் சீரும் சிறப்புமாக நடைபெற வேண்டுமானால் அங்கே யாரும் எதையும் எதிர்க்கக் கூடாது என்பது அறிஞர் பெருமக்கள் அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம். கிருமிகளும் இதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கின்றன. முரண்டு பிடித்தது என் மனைவி ஒருத்திதான்.

அவள் வைரஸ் ஆராய்ச்சிக்காரி. மழைக்காலம் வந்தால் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் காய்ச்சல் ஒன்று உண்டு. அதைத் தரும் வைரஸின் மேலெல்லாம் முள் முள்ளாக ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளோடுதான் அவள் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். என்னோடு நடத்துவது மிச்ச நேரத்தில். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு 'முள் மேடம்' என்றே பெயர்.

போன மழைக்கு அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கே வந்து, எங்கள் மகளின் இடது காதைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து என் மனைவிக்குச் சிரிப்பு குறைந்துவிட்டது. அடுத்த மழைக்குள் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை காது போகுமோ என்று ஒரே பிடிவாதம்.

எலிகளிடம் சோதனை முடிந்திருந்தது. பாதி எலிகளுக்கு மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, மீதிப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு எல்லாவற்றுக்கும் வைரஸ். மருந்து போட்ட எலிகள் கூண்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடின. உப்புத் தண்ணீர் எலிகள் சுருண்டு படுத்தவைதான், எழுந்திருக்கவே இல்லை. இனி மனிதர்களுக்குப் போட அனுமதி வேண்டும். விண்ணப்பம் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நானேதான் எழுதிக் கொடுத்தேன். ஒரு சந்திப்பிழை கிடையாது. ஆனாலும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் அனுமதி அலுவலகத்தின் வாசலில் யாரோ நாலு பேர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கோஷம் போட்டுவிட்டார்கள். தண்ணீர் விடுவதைவிடச் சுலபமான வழி ஒன்றை மேலிடம் கண்டுபிடித்தது. 'எதிர்ப்பு' என்ற சொல் இனி எந்தத் தாளிலும் எந்த வாயிலும் வரக் கூடாது எனச் சுற்றறிக்கை விட்டது. சொல்லே இல்லாவிட்டால் மனுஷன் எதை வைத்து எதிர்ப்பான்?

அந்த அலுவலகத்தின் இணை இயக்குநர் எங்களை விசாரணைக்கு அழைத்தார். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் பேரனின் படம். மேசைமேல் காகிதங்கள். காற்றாடிக்கு அவை பறந்துவிடாமல் இருக்க மேலே வேறு காகிதங்கள்.

"என்னம்மா இது? பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல்?"

"எந்தச் சொல் சார்?"

அவர் விரலால் தொட்டுக் காட்டினார், அடுப்பைத் தொடுவதுபோல.

"ஓ, நோய் எதிர்ப்பு சக்தியா? அது எல்லார் உடம்புலயும்..."

"மெதுவா, மெதுவா! இன்னிக்கு நோயை, நாளைக்கு யாரையோ?" இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "'இந்த ஊசி உடலில் எதி... அதைத் தூண்டும்.' தூண்டுவேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. படிச்சவங்க பண்ற வேலையா இது?"

"சார், முழு வைரஸை உடம்புல விட மாட்டோம். அதோட முள்ளை மட்டும் தனியா செஞ்சு காட்டுவோம். உடம்பு அதைப் பார்த்து அடையாளம் வச்சுக்கும். அப்புறம் நிஜ வைரஸ் வந்தா சும்மா விடாது."

"அதாவது, ஆளைக் காட்டாம சட்டையை மட்டும் காட்டி அடிக்கப் பழக்குறீங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"யார் சட்டை?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

"சரி, அந்த அடையாளத்தை எத்தனை நாள் ஞாபகம் வச்சுக்கும்?"

"நல்லா அமைஞ்சா ஆயுசு முழுக்க சார்."

இணை இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பட்டதை ஆயுசுக்கும் மறக்காத ஜனங்க! இதை ஊர் முழுக்கப் போடணும்கிறீங்க! நமக்குத் தேர்தல்னு ஒண்ணு வரும், ஞாபகம் இருக்கா?"

கெட்ட மனுஷர் இல்லை. மகளின் காதைப் பற்றிச் சொன்னபோது உச்சுக் கொட்டினார். நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு எடுத்து வாருங்கள், மழைக்கு முன்னால் கையெழுத்து என் பொறுப்பு என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"முடியாது" என்றாள் என் மனைவி, வீட்டுக்குள் கால் வைத்ததும்.

"வானத்தைப் பாரு" என்றேன். மேற்கே மேகம் கட்டியிருந்தது.

பையைத் தூக்கி நாற்காலியில் எறிந்தாள். "என்னத்தையாவது எழுதித் தொலைங்க. ஊசிக்குள்ள இருக்கிறது மாறாம இருந்தா சரி."

நான் உட்கார்ந்தேன். 'எதிர்ப்பு' வந்த இடமெல்லாம் 'ஒத்துழைப்பு'. 'தூண்டும்' என்பதற்கு 'பணிவன்புடன் கேட்டுக்கொள்ளும்'. 'முள்' ஆயுதம்போல் இருந்ததால் 'மொட்டு'. 'வைரஸை அழிக்கும்' என்பதை 'வைரஸை மாலை மரியாதையுடன் வழியனுப்பி வைக்கும்' என்று மாற்றினேன். தடுப்பதுவும் குற்றமாகிவிட்டால் என்ன செய்வது என்று 'தடுப்பூசி'யை 'வரவேற்பூசி' ஆக்கினேன். படித்துப் பார்க்கையில் கல்யாணப் பத்திரிகைபோல் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இணை இயக்குநர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "இதுதாம்மா தமிழ்!" ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"இந்த ஆராய்ச்சியோட நோக்கம் நோய் ஒத்துழைப்பு சக்தியைக் கூட்டுறது. அப்படித்தானே?"

"அப்படித்தான்... எழுதியிருக்கு சார்."

"இந்த எலிங்கள்ல நோயோட ஒத்துழைச்சது எது? ஓடி விளையாடினதா, படுத்ததா?"

என் மனைவி பல்லைக் கடித்தாள். "படுத்தது."

"படுத்ததுக்கு என்ன போட்டீங்க?"

"உப்புத் தண்ணி. ஆனா சார், படுத்த எலி செத்துப்போச்சு!"

"அதுக்குமேல எப்படிம்மா ஒத்துழைக்க முடியும்?" என்றார் இணை இயக்குநர்.

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க நானும் முயன்றேன். என் தமிழில் ஓட்டை இருந்தால்தானே! உப்புத் தண்ணீரை நாடெங்கும் போட உத்தரவாயிற்று. மருந்து, ஒத்துழையாமையை வளர்க்கிறது என்பதால் நிராகரிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்ததற்காக என் மனைவிக்குப் பாராட்டிதழ் வந்தது. அதை அவள் எலிக்கூண்டுக்கு அடியில் விரித்துவிட்டாள்.

அடுத்து வந்த கூத்தைக் கேளுங்கள். ஒத்துழைப்பு வாரம் அறிவித்தார்கள். போட்டுக்கொண்டவர்கள் தோளைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தோளை அடிக்கடி திறந்து காட்டுவது சிரமமாக இருந்ததால், ஊசி போட்ட இடத்தில் குட்டி ஜன்னல் வைத்த சட்டைகளைத் தையல்காரர்கள் தைத்துத் தள்ளினார்கள். வசதி உள்ளவர்கள் வெளிநாட்டு உப்பில் போட்டுக்கொண்டார்கள். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, இரண்டு தோளிலும் ஜன்னலோடு வந்து நின்றான்.

"ஒண்ணும் ஆகலை அத்தான். கை வலிகூட இல்லை. என்ன அருமையான மருந்து!"

"உப்புத் தண்ணிடா அது!" என்றாள் அவனுடைய அக்கா.

"அது எல்லாருக்கும் தெரியும்க்கா. அதுக்காக, போடாம இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அவன் போன பிறகு நான் கேட்டேன். "தெரிஞ்சுமா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க?"

"உடம்பும் அப்படித்தான்" என்றாள். "ஆகாததை ஒரேயடியா உள்ளே விட்டா எகிறும். தினம் துளித்துளியா குடுத்தா பழகிடும். அப்புறம் என்ன குடுத்தாலும் பேசாம வாங்கிக்கும். அதுக்கு ஊசியே வேண்டாம், சுற்றறிக்கை போதும்."

முதல் மழை விழுந்தது. காய்ச்சல் தவறாமல் வந்தது. குழந்தைகள் வஞ்சனையில்லாமல் ஒத்துழைத்தன. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு ஈரத்துணியும் அழுகையும்.

ஒரு மாலை, சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். என் மனைவி வெளியே போனாள், நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இணை இயக்குநர்.

"அம்மா, பேரனோட வகுப்புல பாதிக்கு மேல காய்ச்சல். இவனுக்கு இன்னும் வரலை." குரல் உள்ளே போயிற்று. "அந்த... பழைய ஊசி..."

"அனுமதி இல்லாம ஒரு சொட்டுகூட வெளியில எடுக்க மாட்டேன்." உள்ளே போய்ப் பழைய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். "இதுல 'நோய் எதிர்ப்பு ஊசிக்கு அனுமதி'ன்னு உங்க கைப்பட எழுதுங்க. நாளைக்கே ஆரம்பிக்கிறேன். உங்க பேரன், இந்தத் தெருப் பிள்ளைங்க, எல்லாரும் வரட்டும்."

பேனாவைத் திறந்தார். 'நோய் எதி' வரை வந்தது. கை நின்றுவிட்டது. தெருவைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தகப்பன், ஒரு தாய், இடுப்பில் ஒரு பிள்ளை. எல்லாரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதிடுங்க சார் என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் மகள் வெளியே வந்து நல்ல காதை அவர் பக்கம் திருப்பினாள். "என்ன மாமா வேணும்? சத்தமா சொல்லுங்க. எனக்கு இந்தக் காதுல மட்டும்தான் கேக்கும்."

"அது வந்தும்மா... அந்த ஊசி..."

"எந்த ஊசி?"

அவர் உதடு மட்டும் அசைந்தது. என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"எதிர்ப்பு! நோய் எதிர்ப்பு ஊசி!"

படபடவென்று ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. இணை இயக்குநர் பேனாவையும் குடையையும் போட்டுவிட்டு மழையில் ஓடினார். 'நோய் எதி' என்று எழுதிய தாள் என் மனைவியின் கையில் நனைந்துகொண்டிருந்தது. தெரு துடைத்துவிட்டதுபோல் காலி.

மகள் மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பினாள். தெருவில் முதலில் சாத்தியது எங்கள் வீட்டு ஜன்னல்தான். என் கை இன்னும் தாழ்ப்பாளில் இருந்தது.

"ஏன்ப்பா சாத்தினே? அம்மா சொன்னது எனக்கு நல்லா கேட்டுச்சே."

"சாரல் அடிக்குதும்மா" என்றேன்.