இலை அலகுதான், முடிவாகிவிட்டது

பத்தாடா, சார்டீனியா
பிப்ரவரி 9, வெள்ளி

மதிப்புக்குரிய மைத்துனர் அந்தியோகோ அவர்களுக்கு,

அக்கா புருஷன் பக்கீசியோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா அசுந்தாவும் சௌக்கியம். ஆர்புஸில் நீங்களும் உங்கள் ஆடுகளும் சௌக்கியமாக இருப்பீர்களாக. முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்து ரிட்டையர் ஆனவன், தானே உட்கார்ந்து எழுதும் முதல் கடிதம் இது. ‘நீங்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது, இனி ‘நீ’தான்.

விஷயம் இதுதான். கொல்லர் கவினோவிடம் உசத்தியாக ஒரு மடக்குக்கத்திக்குச் சொல்லிவைத்து, மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் என் முறை வந்திருக்கிறது. கிடாக் கொம்புப் பிடி, முகம் தெரிகிற எஃகு. நாளைக்குள் அலகின் வடிவத்தைச் சொல்லாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி ஒல்லியாக, மிர்ட்டில் செடியின் இலை மாதிரி கூராகவா, உங்கள் ஊர் வழக்கப்படி அகலமாகத் தொப்பை வைத்தா? இலைதான். பதினோரு ஈஸ்டருக்கு முன் நீ ஆசையாக ஒரு ஆர்புஸ் கத்தியை என் கையில் கொடுத்தபோது, பந்தியில் எல்லார் முன்னாலும் அதை விரித்து, “மாப்ளே, இது கத்தியா, கரண்டியா?” என்று கேட்டவன் இப்போது பேச்சு மாறுவேனா? அந்தச் சிரிப்பில், கத்தி வாங்கியவன் கொடுத்தவன் கையில் ஒரு காசு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உறவையே அறுத்துவிடும் என்பதையும் மறந்து தொலைத்தேன். தேன் ஊற்றிய பாலாடைக்கட்டிப் பணியாரத்தைக்கூடத் தொடாமல் நீ எழுந்து போனாய். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

வடிவத்தைச் சோதிக்காமல் சொல்வானேன் என்று இரண்டு அலகையும் அட்டையில் வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் பிடித்துப் பார்த்தேன், இலை நழுவிச் சூப்பில் விழுந்தது, விருந்துக்கு வந்த பாதிரியார் அதையும் மென்றுவிட்டு “பாஸ்தா கொஞ்சம் வேகல” என்றார், சரி என்று கேரட்டில் செதுக்கினேன், அதை அசுந்தா குழம்பில் போட்டுவிட்டாள், போட்டதோடு விட்டாளா, “ஏங்க, நீங்க ஒரு நாளைக்கு வெட்டுறதே ஒரு பேரிக்காய்! அதுக்கு வீட்டையே ரெண்டு பண்றீங்களே. என் தம்பி கொடுத்த கத்தி டிராயர்ல சும்மாதானே தூங்குது?” என்று பிடித்துக்கொண்டாள். நான் மசியவில்லை. போன ஞாயிறு அண்டை வீட்டார் முழுசாக ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்தார்கள். இலைக்கத்தி ஒன்றை இரவல் வாங்கித் தோலுரித்தேன். தோல் சல்லடை, என் கட்டைவிரலில் இரண்டு ஓட்டை. அசுந்தா டிராயரிலிருந்து உன் கரண்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சட்டை கழற்றுவதுபோல் தோல் வந்துவிட்டது.

“என்ன, கரண்டி வெட்டுதா?”

“குட்டி இளசு. அதான்” என்றேன்.

கழுவி மடக்கும்போது அழுகை வந்தது அந்தியோகோ, பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை. ஆனாலும் இலைதான். காலையில் கவினோவிடம் போய்ச் சொல்லப்போகிறேன்.

உன் மந்தை பெருகட்டும், உன் முழங்கால் வலி குறையட்டும்.

இப்படிக்கு,
வார்த்தை மாறாத
பக்கீசியோ

பி.கு.: கவினோவிடம் போய்விட்டு வந்துதான் உறையை ஒட்டுகிறேன். “இலை” என்றேன். வரைய ஆரம்பித்தவர், “உனக்குத்தானே?” என்று சும்மா கேட்டுவைத்தார். “இல்ல, ஆர்புஸ்ல என் மச்சானுக்கு” என்று வாய் சொல்லிவிட்டது. “ஆடு உரிக்கிறவனுக்கு எதுக்குய்யா இலை?” என்று அழித்துவிட்டுத் தொப்பை போட்டார். பெரிய தொப்பை. எனக்கு உன் பழைய கரண்டி போதும். அதற்கான காசை இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன், பதினோரு வருஷம் தாமதம். புதுக் கத்தி ஈஸ்டருக்குத் தயாராகிவிடும். அதற்கு நீ தர வேண்டிய காசைத் தபாலில் மட்டும் போட்டுவிடாதே. முப்பத்தெட்டு வருஷம் தபால்காரனாக இருந்தவன் சொல்கிறேன், நேரில் கொண்டு வா.