மகளின் பாலை நான் குடித்த கதை

ஒரு தொழிலில் கொஞ்சம் பேர் எடுத்துவிட்டவனை வீட்டு அலுவல் ஒன்றுக்கும் நம்பி விடக்கூடாது. அங்கேயும் தன் தொழிலைக் காட்டத் தொடங்கிவிடுவான்.

நான் மில்லுக்காரன். எங்கள் ஊர் நீர்வேலியில் மிளகாய், மல்லி, அரிசி, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் என்று எதைக் கொண்டு வந்தாலும் அரைத்துக் கொடுப்பேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது அரைப்பு அல்ல, கட்டு. கனடாவுக்கும் லண்டனுக்கும் தூள் அனுப்புகிற சனம் உடுப்பிட்டியிலிருந்துகூட என்னைத் தேடி வரும். பொலித்தீன் பையில் அளந்து போட்டு, வாயை மடித்து, மெழுகுதிரிச் சுவாலையில் இழுத்து ஒட்டுவேன். அதற்கு மேல் இன்னொரு பை. அதற்கும் மேல் மண்ணிறத்தில் அகலமான டேப். மணம் என்ற சாமான் வெளியே வராது. "தம்பி கட்டினால் நாய்க்கும் மணக்காது" என்று ஒரு ஐயா சொன்னார். அதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு திரிந்தேன். (எந்த நாய், எந்த இடத்து நாய் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.)

எங்களுக்கு மகள் பிறந்தாள். நெஞ்சில் ஓட்டையோடு பிறந்தாள். அழுதால் உதடும் நகக்கண்ணும் நீலம் பாயும். சென்னையில் ஒபரேசன் செய்வதென்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு முன் இங்குள்ள டொக்டர் என்னையும் என் மனைவி வதனியையும் இருத்தி வைத்துச் சொன்னார்:

"போற வழியிலை பிள்ளையைப் பசியிலை அழ விடாதேங்கோ. அழுதால் நீலம் பாயும். பாய்ஞ்சால் ரெண்டு முழங்காலையும் மடிச்சு நெஞ்சோடை சேத்துப் பிடியுங்கோ. அப்பிடியும் விடாட்டில்..."

அதோடு நிறுத்திவிட்டு மேசையிலிருந்த பேனையை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மிச்சத்தை நாங்களே விளங்கிக்கொண்டோம். 

முலையில் குடிக்க விட்டால் பிள்ளைக்கு மூச்சு இளைக்கும். நாலு இழுவை இழுத்துவிட்டு வியர்த்துப்போய்க் கிடப்பாள். கவலையில் வதனிக்கும் பால் வற்றிவிட்டது. அதனால் கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒரு பால்மாவைத்தான் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தோம். மகளின் உயிர் அந்தப் போத்தலில்தான் இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

கொழும்புக்குப் போகாமல் எங்கள் குடாநாட்டிலேயே விமானம் ஏறிச் சென்னையில் இறங்கலாம் என்று வந்த புதிது. பிள்ளைக்காகவே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டோம். பாரம் மட்டும் கூடக்கூடாது என்றார்கள். பால்மா அடைத்த தகர ரின்னோ நல்ல பாரம்.

"ரின்னோடை கொண்டு போனாலும் அங்கை வச்சு அளக்க எனக்குக் கை நடுங்கும்," என்றாள் வதனி.

எனக்குள் இருந்த மில்லுக்காரன் எழும்பினான்.

"நீர் பேசாமல் இரும். நான் கட்டித்தாறன். ஒரு நேரத்துக்கு ஒரு பைக்கற். வெட்டினதும் கரைக்கலாம்."

"உதுகளைப் பாத்து ஆரும் ஏதும் கேட்டால்?"

"பால்மாவைப் பாத்து ஆர் என்னத்தைக் கேக்கிறது?"

(இந்த வசனத்தை வதனி இன்றும் என் குரலில், என்னைப்போலவே நெஞ்சை நிமிர்த்தி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் காட்டுவாள்.)

மில்லிலேயே குந்தியிருந்து கட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வடிவாக நான் எதையும் கட்டியதில்லை. பிள்ளையின் சாப்பாடு அல்லவா, ஒரு டேப்புக்கு இரண்டு டேப் சுற்றினேன். கட்டி முடித்தபோது உள்ளங்கை அளவில், சின்னச் சின்னச் செங்கல் மாதிரி, ஒரே அச்சாக அடுக்கியிருந்தது. வெளியே டேப், உள்ளே வெள்ளைத் தூள். படத்தில் பொலிஸ்காரர் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நிற்பார்களே, அச்சொட்டாக அதேதான். எனக்கு அது உறைக்கவில்லை. என் கண்ணுக்கு மகளின் பால் மட்டும்தான் தெரிந்தது.

விமான நிலையத்தில் முதல் வாசலிலேயே சுடுதண்ணிப் போத்தலைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளைக்கு ஒருமுறை கரைக்க அளவான தண்ணீரைச் சூப்பிப் போத்தலில் விடச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வெளியே ஊற்றச் செய்தார்கள். அது சட்டம். மேலே ஏறினால் விமானத்தில் தருவார்கள் என்றார்கள். சரியென்று ஊற்றிவிட்டு உள்ளே போனோம். பிள்ளை வதனியின் தோளில் நித்திரை.

எங்கள் பை இயந்திரத்துக்குள் போனது, வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தர் பட்டியை நிறுத்தினார். பின்னுக்கு இழுத்தார். மறுபடி பார்த்தார். பிறகு பையைத் தூக்கி மேசையில் வைத்து, ஒரு பைக்கற்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவருக்குச் சிங்களம்தான் சொந்த மொழி. ஆனாலும் மரியாதையான தமிழில் கேட்டார்.

"ஐயா, இது என்ன?"

"பிள்ளைக்குப் பால்மா."

"ஏன் மணம் இல்ல?"

இந்த இடத்தில் மனுசனாய்ப் பிறந்தவன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது என் தொழிலைப் பற்றியல்லவா?

"மணம் வராது சேர்," என்றேன் பெருமையாக. "அப்பிடித்தான் நான் கட்டிறது."

"ஐயா என்ன வேலை?"

"தூள் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிறது."

வதனி கண்ணை மூடிக்கொண்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தன் பெட்டியை என் பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்.

உத்தியோகத்தர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். பைக்கற்றுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார்கள். என் கட்டின் வடிவு அந்த வெளிச்சத்தில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அதற்குள் பிள்ளை எழும்பிவிட்டாள். வாயைச் சப்பிக்கொண்டு இரண்டு பக்கமும் தேடினாள். வதனி என்னை முந்திக்கொண்டாள்.

"மிஸ், பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம். நெஞ்சு வருத்தக்காரப் பிள்ளை. அழக்கூடாது." சொல்லிக்கொண்டே வைத்தியசாலைக் கடதாசிகளை நீட்டினாள்.

அந்தப் பெண் வாசித்தார். முகம் இளகியது. இருவரும் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு அவர் என்னிடம் சொன்னார்:

"சரி ஐயா. ஒண்டு கரைங்க. நீங்க கொஞ்சம் குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் பேபிக்குக் குடுங்க."

இதைவிட நியாயமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான் நகத்தால் மடிப்பைக் கண்டுபிடித்து ஒரு பைக்கற்றைப் பிரித்துக் கரைத்தேன். 

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த சண்டைக் காலத்தில் எங்கள் வழியெல்லாம் ஆமியின் சோதனைச் சாவடிகள். பெடியன்களின் தண்ணீர்ப் போத்தலைக் கண்டால், உள்ளே தண்ணீர்தானா என்று பார்க்க "குடி" என்பார்கள். குடிக்க வேண்டும். ஒரு மிடறோடு நிறுத்தினால் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெடியன் கொஞ்சம் மிச்சம் வைத்தான். ஏன் வைத்தான் என்று தெரியாது, வயிறு நிரம்பியிருக்கும். அவனை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் என் போத்தலை அடிமட்டும் குடித்துவிட்டுச் சயிக்கிளில் ஏறி வந்தேன். அவன் திரும்பி வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு சீருடை போட்ட ஒருவர் குடி என்றால் நான் மிச்சம் வைப்பதில்லை. அது மூளைக்குப் போகாமல் நேரே தொண்டைக்குப் போகும்.

போத்தலை வாயில் வைத்தேன். கோப்பை ஒன்றுமில்லை, சூப்பியால்தான். பிள்ளைக்குப் புரையேறாமல் இருக்கச் சூப்பியில் ஊசித்துளை போட்டிருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போக உறிஞ்சினேன். 'கீச் கீச்' என்று சத்தம். மீசை வைத்த ஒரு மில்லுக்காரன் நடு மண்டபத்தில் நின்று சூப்பி குடிப்பதை அத்தனை சனமும் பார்த்தது. "போதும் ஐயா" என்று அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. "ஐயா, போதும், போதும்." விழுந்தும் நான் நிறுத்தவில்லை. காற்று வரும்வரை குடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் மகள் வதனியின் தோளில் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உறிஞ்ச உறிஞ்ச அவள் வாயும் அசைந்திருக்கிறது. போத்தல் காலியானது அவளுக்கும் விளங்கிவிட்டது.

அழத் தொடங்கினாள்.

"என்னப்பா செய்தனீங்கள்?" வதனியின் சத்தத்தில் மண்டபம் அடங்கியது. "தண்ணி எங்கை? இனித் தண்ணிக்கு எங்கை போறது? விசரே உங்களுக்கு?"

நான் வெறும் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றேன். அழுகை நீண்டு, பிறகு சத்தம் குறைந்தது. சத்தம் குறைவதுதான் கூடாத அறிகுறி. உதடு நாவற்பழம் தின்றது மாதிரி ஆனது. அவள் அதுவரை ஒரு பழமும் தின்றதில்லை. வதனி நிலத்தில் குந்தி, முழங்கால்களை மடித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "அம்மாளாச்சி, என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

பட்டியை நிறுத்திய அந்த உத்தியோகத்தர் ஓடினார். சப்பாத்துச் சத்தத்தோடு யாரும் எனக்காக ஓடி நான் கண்டது அதுதான் முதல்தடவை. தங்கள் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்திருந்த கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் வந்துவிட்டது. பைக்கற்றைப் பிரிக்க முடியவில்லை.

என் கட்டு! மடிப்பைத் தேடுகிறேன், விரல் கேட்கவில்லை. பல்லால் கடித்தேன், டேப் நீண்டதே தவிர அறவில்லை. அந்தப் பெண்ணும் ஒன்றை எடுத்துக் கடித்தார். பெட்டியைத் தள்ளி வைத்த மனுசனும் ஓடி வந்து ஒன்றைக் கடித்தார். சந்தேகத்துக்குரிய வெள்ளைத் தூளை அரச உத்தியோகத்தரும் பயணிகளும் சேர்ந்து பல்லால் கடித்துக்கொண்டிருந்தோம். கத்தி, கத்தரிக்கோல் எதுவும் கொண்டுவரக் கூடாத இடம் அது. நான் வாய்விட்டு அழுதேன். கோதாரி விழுவான், இப்பிடியும் ஒருத்தன் கட்டுவானோ என்று என்னையே ஏசினேன். கடைசியில் அந்தப் பெண்தான் நினைவு வந்து, பயணிகளிடம் பறித்துப் போட்டிருந்த பெட்டிக்குள் கையை விட்டு யாருடையதோ ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டினார்.

தன் குடிதண்ணீரை ஊற்றிச் சூட்டை ஆற்றி, கையில் ஒரு துளி விட்டுப் பார்த்து, அவரே வதனியிடம் கொடுத்தார். என்னிடம் யாரும் போத்தலைத் தரவில்லை. முழங்கால் மடித்த பிடியில் அதற்குள் மூச்சு மெல்லச் சீராகத் தொடங்கியிருந்தது. மகள் கொஞ்சம் குடித்தாள், நிறுத்தினாள், மறுபடி குடித்தாள். உதட்டில் பழைய நிறம் வரும்வரை அந்த மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

மிச்சப் பைக்கற்றுகளை எங்களிடமே தந்தார்கள். எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் நுனி வெட்டித் தந்தார்கள்.

விமானத்தில் வதனி என் பக்கம் திரும்பவே இல்லை. பணிப்பெண் வந்து, குடிக்க ஏதும் வேண்டுமா, பால் தேநீர் இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் வதனி வாயைத் திறந்தாள்.

"உவருக்கு வேண்டாம் பிள்ளை. உவர் குடிச்சிட்டார்."

ஒபரேசன் நடந்தது. கதவுக்கு வெளியே இருந்த அந்தப் பகலைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. கதைப்பதெல்லாம் நான் பால் குடித்ததைத்தான். கலியாண வீட்டிலும் சரி, செத்தவீட்டு அந்தியேட்டியிலும் சரி, தேத்தண்ணித் தட்டம் என் பக்கம் வந்தால் யாராவது ஒருவர் "அண்ணை ஏற்கெனவே குடிச்சிட்டார்" என்பார், சபை சிரிக்கும். நானும் சிரிப்பேன். நீலம் பாய்ந்த உதட்டை நினைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மகள் இப்போது முதலாம் வகுப்பு. நெஞ்சின் நடுவே கோடு ஒன்று இருக்கிறது, மற்றப்படி முற்றத்தில் ஓடுகிற ஓட்டத்தைப் பிடிக்க முடியாது. கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம். போன மாதம் ஒரு பின்னேரம், பால் கோப்பையோடு நின்றவள் திடீரென்று கேட்டாள்:

"ஏனப்பா முழுக்கக் குடிச்சனீங்கள்? அவை கொஞ்சம்தானே குடிக்கச் சொன்னவை."

வதனி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். சோதனைச் சாவடியை எங்கிருந்து தொடங்குவது? அந்தப் பெடியனை இவளுக்கு என்னவென்று சொல்வது?

"பசிச்சதம்மா," என்றேன்.

அவள் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் தன் பாலில் பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து என் கையில் தருகிறாள்.

எனக்குப் பால் அறவே ஒத்துக்கொள்ளாது. குமட்டும்.

"குடியுங்கோ அப்பா," என்று சொல்லிவிட்டு முன்னால் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குடிக்கிறேன்.