கேப்டன் தூங்கிய விண்கலம்

இந்தச் சனிக்கிழமை தூங்குவதில்லை என்று விமர்சகர் முடிவு செய்துவிட்டார்.

சாதாரண முடிவல்ல. கண்ணாடிக்கு முன்னால் நின்று, மார்பை நிமிர்த்தி, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட முடிவு. அவரிடம் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. சலூன் வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்னைத்தானே பார்த்து மெச்சிக்கொள்ளலாம்.

விமர்சகர் என்பது தெருக்காரர்கள் வைத்த பேர். அவரிடம் முடி வெட்டப் போனால் கூடவே ஒரு சினிமா விமர்சனமும் கிடைக்கும். வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

காதல் படம், குடும்பப் படமெல்லாம் அவருக்கு ஆகாது. அடிதடி, பேய், விண்வெளி. இந்த மூன்றிலும் கரை கண்டவர் அவர். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளப்பார்.

"பத்தாவது மாடியிலேர்ந்து குதிக்கிறான் சார். லாரி மேல விழறான். உருண்டு எழுந்து பத்துப் பேரைப் போட்டு மிதிக்கிறான். வகிடு கலையலையே! ஒரு முடி? ஒரே ஒரு முடி? அது தலையா, டோப்பாவா?"

பேய்ப் படம் என்றால் இன்னும் தைரியம். "இதுக்கெல்லாமா பயப்படறது? தலையை விரிச்சுப் போட்டு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு வருது. நம்ம நாற்காலியில உக்கார வச்சு முன்னாடி கொஞ்சம் குறைச்சு விட்டோம்னா, பாவம், யாரு வீட்டுப் பொண்ணோன்னு ஆயிடும்."

விண்வெளி மேல் அவருக்குத் தொழில்முறையான வருத்தமே உண்டு. "அது ஏன் சார், வேற்றுக்கிரகத்துக்காரன் அத்தனை பேரும் மொட்டை? பறக்கும் தட்டு செய்யத் தெரியுது. ஒரு நல்ல தைலம் காய்ச்சத் தெரியலையா? தலையை ஆட்டாதீங்க சார், காது போயிடும்."

இவ்வளவு பேசுகிற மனிதர் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்திருக்கிறாரா என்றால், இல்லை. வாரம் பூராவும் நின்றே வேலை செய்கிற உடம்பு. சனிக்கிழமை சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தால் போதும், படத்தின் பேர் திரையில் வருவதற்குள் குறட்டை வந்துவிடும். மறுநாள் காலை காபி குடிக்கும்போது மனைவியின் வாயைக் கிளறுவார். தப்பாக ஏதாவது சொல்வார், அவள் திருத்துவாள், அந்தத் திருத்தத்திலிருந்து கதையை உருவிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். தான் கிளறுவது அவளுக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு.

மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பின்னால் அத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்த, சிரித்த முகத்தோடு வண்டியை நெரிசலில் ஓட்டிப் போகிறவளை எந்தப் பேய் என்ன செய்யும்? அவள் படம் பார்த்தால் கடைசியில் பேர்கள் ஓடி முடிகிறவரை பார்ப்பாள். பார்த்துவிட்டு அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள்.

கடையில் விமர்சகர் சொல்வதோ வேறு. "என் சம்சாரத்துக்குப் படம் புரியாது சார். நான்தான் உக்கார வச்சு விளக்கணும்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை பல் டாக்டர் வந்து குண்டு போட்டார்.

பல் டாக்டருக்கும் விமர்சகருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குத் தனி மரியாதை. இருவருமே எதிராளியை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் பேசுகிறவர்கள்.

"விமர்சகரே, எதிர் சலூன்காரன் என்ன சொல்றான் தெரியுமா? நீங்க படமே பாக்கறதில்லையாம். சனிக்கிழமையானா உங்க வீட்டுக் குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குதாம்."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"யாரு, அந்த நேத்து வந்த பயலா?"

"அவன்தான். இந்தச் சனிக்கிழமை டிவியில புது விண்வெளிப் படம் போடறாங்க. தெருவே பாக்கப் போகுது. ஞாயித்துக்கிழமை காலைல நாங்க எல்லாரும் இங்க வர்றோம். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கதையை நீங்க சொல்லணும். சொல்லலைன்னா நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். மத்தவங்க எதிர்க் கடைக்குப் போறாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் விமர்சகருக்குக் கடை. மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுகிற பிழைப்பு. அந்தக் கூட்டம் போனால் கடையும் போச்சு. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"வரச் சொல்லுங்க சார், அத்தனை பேரையும்!"

சனிக்கிழமை சாயங்காலம். விமர்சகர் சோபா பக்கமே போகவில்லை. சாய்மானம் இல்லாத முக்காலி ஒன்றை டிவிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். கையில் கடையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பீய்ச்சும் பாட்டில். கண் சொருகினால் முகத்தில் ஒரு அடி. அதுதான் திட்டம்.

படம் தொடங்கியது. ராட்சத விண்கலம். கேப்டன் வந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நெருப்பு கக்கிக்கொண்டு கலம் மேலே போனது. புஸ்ஸ் என்று பாட்டில் சத்தம்.

"எதுக்குங்க மூஞ்சில தண்ணி அடிச்சுக்கிறீங்க?" என்றாள் மனைவி சோபாவிலிருந்து.

"நீ படத்தைப் பாரு."

புஸ்ஸ்.

"அந்த முக்காலியில முதுகு பிடிச்சுக்குமே. இந்தத் தலையணைய செவுத்துல வச்சுச் சாஞ்சுக்கோங்க. சும்மா சாயத்தானே?"

எவ்வளவு அக்கறை! சாய்ந்தார். அவ்வளவுதான். பாட்டில் மடியில் கவிழ்ந்து வேட்டியை நனைத்தது கூட அவருக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் தலையணையும் அவரும் தரையில் கிடந்தார்கள். டிவி கறுப்பாக இருந்தது. இதோ இன்னும் கொஞ்ச நேரத்தில் கடைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால் விமர்சகர் அசரவில்லை. கிளறுகிற கலை கைவசம் இருக்கும்போது என்ன பயம்?

காபி டம்ளரோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்ன இருந்தாலும் அந்தக் கேப்டன் நடிப்பு பிரமாதம்."

"எந்த இடத்துல?"

விமர்சகர் காபியை ஊதினார். "எல்லா இடத்துலயும்தான்."

"கடைசிலயுமா?"

"கடைசிலதான் ரொம்ப."

"கடைசில அவரு பேசவே இல்லையே."

"பேசாமலே நடிச்சாரு பாரு. அதுதான் நடிப்பு."

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. இருமல் போலிருக்கிறது என்று நினைத்தார் விமர்சகர்.

"சரி, உனக்கு எவ்வளவு புரிஞ்சுதுன்னு பாப்போம். கதையைச் சொல்லு. தப்பிருந்தா நான் திருத்தறேன்."

"எனக்கு என்னங்க புரியும்? ஏதோ பாத்ததைச் சொல்றேன். கலம் கிளம்புதா? கிளம்பினதும் கேப்டன் தூங்கிடறாரு."

"ஆமா. தூங்கறாரு."

"பக்கத்துல இருக்காளே, அவதான் கலத்தை ஓட்டறா. எரிகல் மழை பொழியுது, அவ ஓட்டறா. பல்லும் நகமுமா ஏதோ மிருகமெல்லாம் உள்ள வருது, அவதான் விரட்டறா. இந்த ஆளு குறட்டை."

"அடப்பாவி!"

"கேளுங்க. காலைல எழுந்து அவகிட்ட நைசா பேச்சுக் குடுத்து ராத்திரி நடந்ததையெல்லாம் தெரிஞ்சுக்கறாரு. அப்புறம் பூமிக்குப் பேசறாரு. 'நானே ஓட்டினேன், நானே விரட்டினேன்.' கீழ எல்லாரும் கை தட்டறாங்க. அதோட விட்டாரா? 'கூட வந்தவளுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான் சொல்லிக் குடுக்கணும்'னு வேற சொல்றாரு."

விமர்சகர் டம்ளரை நங்கென்று வைத்தார். உண்மையாகவே அவருக்கு ரத்தம் கொதித்தது. இப்படியும் ஒரு ஜென்மமா! இந்தக் கேப்டனை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

"அப்புறம் அந்தக் கலத்துல ஒரு சமையல்கட்டு," என்றாள் மனைவி. "பாத்திரம் மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு. கேப்டன் ஒரு நாள் கூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை."

"விண்வெளியில எதுக்குப் பாத்திரம்? கதைக்குச் சம்பந்தமே இல்லையே. டைரக்டர் அங்க கோட்டை விட்டுட்டாரு."

"அதான் எனக்கும் புரியலை. எதுக்கு வச்சாங்களோ."

"முடிவு? அதை நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்டே?"

"முடிவுன்னு ஒண்ணும் காட்டலையேங்க. கேப்டனை என்ன செய்யலாம்னு பாக்கறவங்களே சொல்லட்டும்னு விட்டுட்டாங்க."

"ம். சுமாரா புரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பறந்தார் விமர்சகர்.

கடை திறந்ததும் பல் டாக்டர் வந்து நாற்காலியில் ஏறினார். விமர்சகர் உள்ளறைக்குப் போய் வெந்நீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் பெஞ்ச் நிரம்பிவிட்டது. வாட்ச் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், மருந்துக்கடைக்காரர், ஓரத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஆள். பேப்பருக்குக் கீழே கால்சட்டையும் கறுப்பு ஷூவும் தெரிந்தன. யாரோ புது ஆள் போல. புது ஆள் வருகிற அளவுக்குப் புகழ் பரவிவிட்டதே என்று விமர்சகருக்குப் பூரிப்பு.

போர்வையை உதறி டாக்டர் கழுத்தில் கட்டினார். தொண்டையைச் செருமினார். ஆரம்பித்தார்.

அன்றைக்கு மாதிரி அவர் என்றைக்கும் பேசியதில்லை. எரிகல் மழையைச் சீப்பால் காட்டினார். மிருகங்களுக்குக் கத்தரிக்கோலால் பல் வைத்தார். கேப்டன் குறட்டை விடுகிற இடத்தில் அப்படியே குறட்டை விட்டுக் காட்டினார். அது மிகத் தத்ரூபமாக வந்தது. பெஞ்சில் ஒருவரும் மூச்சு விடவில்லை. வாத்தியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். போர்வைக்குள் டாக்டர் குலுங்கினார்.

"ஆடாதீங்க சார். முடி குத்துதா?"

"ஆமா... முடிதான்."

"இப்ப என் கருத்தைச் சொல்றேன்," என்று கத்தரிக்கோலை உயர்த்தினார் விமர்சகர். "படம் முடிவைச் சொல்லலை. நான் சொல்றேன். அந்தக் கேப்டனுக்கு வெக்கம் மானம் ஏதாவது இருக்கா? ராவெல்லாம் கண் முழிச்சு ஓட்டினவ ஒருத்தி. கை தட்டு வாங்கறது ஒருத்தனா? அவனை நாலு பேர் நடுவுல நிறுத்தி, 'இத்தனை நாளும் ஓட்டினது இவதான், நான் தூங்கினேன்'னு சொல்ல வைக்கணும். கலத்தை அவகிட்ட ஒப்படைக்கணும். அந்த ஆளை?" ஒரு கணம் யோசித்தார். கண் மின்னியது. "அங்கதான் பாத்திரம் மலையாட்டம் குவிஞ்சு கெடக்கே! அதைக் கழுவ விடணும். என்ன சார் சொல்றீங்க?"

கடை அதிரக் கை தட்டினார்கள். விமர்சகர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைவணங்கினார்.

கண்ணாடியில், அவர் தோளுக்குப் பின்னால், பேப்பர் கீழே இறங்கியது.

"நியாயமான தீர்ப்பு," என்றாள் பஸ் ஓட்டுகிற உடுப்பில் இருந்த மனைவி.

கையிலிருந்த சீப்பு நழுவியது.

"நீ... எப்ப வந்தே?"

"நீங்க குறட்டை விட்டுக் காட்டறதுக்கு முன்னாடியே."

டாக்டர் போர்வையோடு நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "விமர்சகரே, மன்னிச்சுக்கோங்க. நீங்க வெந்நீர் எடுக்க உள்ள போனப்பவே வந்துட்டாங்க. யாரும் நடுவுல வாயைத் திறக்கக் கூடாதுன்னு டிரைவரம்மா உத்தரவு. நேத்துப் படத்துல கேப்டன் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே செத்துட்டாரு."

"செத்துட்டாரா?"

"அதான் கடைசில அவரு பேசலை," என்றாள் மனைவி.

பெஞ்ச் உருண்டு விழாத குறை.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள். "டாக்டர் பொண்ணு நம்ம பஸ்லதான் வர்றா. 'ஆன்ட்டி, உங்களுக்குப் படமே புரியாதாமே, அங்கிள்தான் விளக்குவாராமே'ன்னு கேட்டா. பஸ்ல இருந்த அத்தனை பிள்ளைங்களும் சிரிச்சுதுங்க. எனக்குக் கஷ்டமா இருந்துச்சுங்க. கதையைக் கேட்டீங்க, குடுத்தேன். எத்தனை நாளானாலும் குடுத்திருப்பேன். என்னை எதுக்கு முட்டாளாக்கணும்?"

விமர்சகருக்குக் காது சிவந்தது. வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தக் கடையில் அவருக்குக் கருத்து எதுவும் இல்லை.

நாலு பேர் நடுவில் நின்றார். சொன்னார். "இத்தனை நாளும்... படம் பாத்தது இவதான். நான் தூங்கினேன்." தலையைக் குனிந்தபடி, "இவ சொன்னாத்தான் எனக்கே புரியும்," என்பதையும் சேர்த்துக்கொண்டார். அது தீர்ப்பில் இல்லாதது. அவராகவே சொன்னது.

அப்புறம் அவள் காலி நாற்காலியில் உட்கார்ந்து நிஜக் கதையைச் சொன்னாள். வாட்ச் கடைக்காரர் வாயைப் பிளந்தபடி கேட்டார். முடி வெட்டி முடிந்தவர்கள் கூட எழுந்து போகவில்லை. எதிர் சலூன்காரன் துண்டை உதறுகிற சாக்கில் வாசலுக்கு வந்து எட்டி எட்டிப் பார்த்தான். கேட்டுக்கொண்டே கத்தரித்த விமர்சகருக்கு ஒரு விஷயம் உறைத்தது. கடை எங்கேயும் போகப் போவதில்லை. ஆனால் இனி இது யாருக்காகக் கூடுகிற கூட்டம் என்பதில் சந்தேகமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம். மனைவி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரிமோட் அவள் கையில். விமர்சகர் சமையலறையில், முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். நிற்பதால் தூக்கமும் வரவில்லை.

தோற்றாலும் மனிதருக்கு ஒரு பிடிமானம் வேண்டுமல்லவா? விமர்சகர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பாதி கழுவிய வாணலியோடு வாசலுக்கு வந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. கதை உன்னுதா இருக்கலாம். தீர்ப்பு என்னுது. இந்தப் பாத்திரம் கழுவறது இருக்கு பாரு, அது நானா யோசிச்சு, நானா சொன்னது. அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலை."

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விண்வெளியில எதுக்குப் பாத்திரம்னு கேட்டீங்களே, இப்பவாவது புரிஞ்சுதா?"