சிவநேசனின் இரண்டடுக்கு பில்டர்

லோரியின் ஏர் பில்டரைத் துணி துவைக்கிற மெஷினில் போட்டது தன் தப்பே இல்லை என்று சிவநேசன் சாதித்தார்.

"கழுவலாம்னு தம்புசாமிதான் சொன்னான்."

"அவரு லோரியில இருக்கிறது துணி பில்டர். உங்களோடது காகிதம்," என்றாள் அவர் மனைவி மலர். மெஷினுக்குள் கையை விட்டு, ஊறிப்போன காகிதக் கூழை வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். "கழுவக் கூடாதுன்னு மேலயே எழுதியிருந்திருக்குமே, படிச்சீங்களா?"

"கறுப்பா இருந்துச்சு, எழுத்தே தெரியலை. அதனாலதான் கழுவினேன்."

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அவருடைய லோரி ஷா ஆலமில் கூரை ஓடு செய்கிற ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைந்துவிட்டால் வருஷம் முழுக்க ஓட்டம்தான். ஆனால் புகை விடுகிற லோரி கேட்டைத் தாண்டக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சிவநேசனின் லோரியோ மேடு ஏறும்போது விடுகிற கரும்புகையில், பின்னால் வருகிறவன் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். இவருடைய லோரி போகாவிட்டால் அந்த வேலை தம்புசாமிக்குப் போகும். கழுவச் சொன்னவனும் அதே தம்புசாமிதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

புகைக்குக் காரணம் அடைத்துக்கொண்ட பில்டர் என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். முதலில் காற்றடித்துச் சுத்தம் செய்தார். உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டியதை வெளியிலிருந்து உள்ளே அடித்ததில், மேலாக இருந்த தூசு ஆழமாகப் போய்க் குடியேறியது. புகை இரட்டிப்பானது. அதற்கப்புறம்தான் துணி மெஷின்.

புதிதாக ஒன்று வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்றால், அது அவ்வளவு சுலபமில்லை. பில்டர் விஷயத்தில் சிவநேசன், பையனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அம்மா மாதிரி. கிள்ளானில் முஸ்அப்பின் பில்டர் கடைக்கு வாரக்கணக்கில் நடந்திருந்தார். வண்டி, மீன் தொட்டி, குழாய் என்று எதை வடிகட்டவும் அங்கே ஒன்று கிடைக்கும்.

"மடிப்பு நிறைய இருக்கிறதா எடுங்கண்ணே," என்று முஸ்அப் ஒவ்வொரு முறையும் சொல்வான். "மடிப்பு கூடினா தூசு நிக்க இடம் கூடும், இஞ்சினுக்கும் மூச்சு முட்டாது. ஓரத்து ரப்பர் இடைவெளி இல்லாம உக்காரணும். நீங்க கல்குவாரி பக்கம் போறவரு. பெரிய பில்டருக்குள்ள சின்னது ஒன்னு இருக்கும் பாருங்க, அந்த ரெண்டடுக்குதான் உங்களுக்குச் சரி."

சிவநேசன் அதன் மடிப்புகளைத் தடவிப் பார்ப்பார். டார்ச் அடித்து ஓட்டை தேடுவார். ரப்பரை அமுக்கி முகர்ந்துகூடப் பார்ப்பார். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி," என்று திரும்பிவிடுவார்.

மலருக்குப் பற்றிக்கொண்டு வரும். "லோரி இழுக்கிற காத்துக்கு இத்தனை ஆராய்ச்சி. நாம குடிக்கிற தண்ணிக்கு?"

அவர்கள் குடியிருக்கும் மேருவில் தண்ணீர் நின்று திரும்ப வரும்போதெல்லாம் குழாயில் தே ஓ, பால் விடாத தேநீர், நிறத்தில்தான் வரும். ஒரு தண்ணீர் பில்டர் வேண்டுமென்று அவளும் கேட்காத நாளில்லை.

"குழாயில துணியைக் கட்டு, போதும்லா," என்பது சிவநேசனின் தீர்ப்பு. "தண்ணிதானே."

கடைசியில், மெஷின் புண்ணியத்தில், அந்த வெள்ளிக்கிழமை அவர் முடிவெடுத்தார். முஸ்அப்பின் கடைப் பையன்களுக்குப் புரிவதற்காக, கடை நம்பருக்கு ஆர்டர் எல்லாம் மலாயில் போக வேண்டும். லோரிக்கு ஏர் பில்டர் ஒன்று, இரண்டடுக்கு, இருப்பதிலேயே நல்லது, நாளைக்கே வீட்டுக்கு வேண்டும் என்று தட்டி அனுப்பினார். நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை வாசலில் ஒரு சின்ன லோரி வந்து நின்றது. இரண்டு பேர் மூச்சு வாங்க ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பிரித்தால், இடுப்பு உயரத்துக்குப் பளபளவென்று எவர்சில்வர் உருளை. மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய்.

"இது என் லோரியில எங்க மாட்டும்?" என்றார் சிவநேசன்.

முஸ்அப்புக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. மலர் அவர் போனை வாங்கி முந்தின நாள் செய்தியைப் படித்தாள்.

"மலாய்ல எழுதிட்டு நடுவுல ஏ, ஐ, ஆர்னு போட்டிருக்கீங்க. இங்கிலீஷ்ல ஏர். மலாய்ல அதே எழுத்து ஆயர், தண்ணி. படிக்கிறவன் எப்படிப் படிப்பான்?"

"லோரின்னும் போட்டிருக்கேனே."

"லோரியில ஏத்தி அனுப்புன்னு நினைச்சிருப்பாங்க. அனுப்பிட்டாங்க."

பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிற சிவநேசன், மூன்றெழுத்தில் கவிழ்ந்துவிட்டார். உருளையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று, பெட்டியைக் கட்டக் கயிறு எடுக்கப் பின்பக்கம் போனார். அங்கே பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் அய்யாவு, ரம்பத்தோடு குந்தி உட்கார்ந்து, வீட்டுக் குழாயைப் பாதி அறுத்திருந்தார்.

"உங்களை யாருண்ணே கூப்பிட்டது?"

"பெட்டியப் பார்த்தேன், வந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு இருக்கேன்?"

சிவநேசன் குழாயைப் பிடித்து இழுத்தார். பாதி அறுத்த குழாய் முழுதாகவே கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நேராக அவர் முகத்தில் அடித்தது.

"மெயின் வால்வை மூடுங்கண்ணே."

"துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, திரும்ப மாட்டேங்குது. பில்டரை மாட்டினாத்தான் தண்ணி நிக்கும்."

"அப்போ மாட்டுங்க, சீக்கிரம் மாட்டுங்க," என்று சிவநேசனே உருளையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. அக்கம்பக்கத்தார் போத்தலோடு வந்து பிடித்துப் போனார்கள். சிவநேசன் வாசலில் உட்கார்ந்து லோரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பில்டர் இல்லாமல் ஓட்டினால் தூசு நேராக இஞ்சினுக்குள் போய் அதைத் தின்றுவிடும். ஓட்டாவிட்டால் தம்புசாமி நாளைக்கு ஷா ஆலமில் இருப்பான். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. திட்டலாமென்றால் தன்னைத் தவிர ஆளில்லை.

மலர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் கோப்பையைப் பார்த்தார்.

"தூள் மாத்தினியா?"

"தண்ணி மாறியிருக்கு."

"நல்லாத்தான் இருக்கு," என்று முனகினார். அவள் சொன்னதை முன்பே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தார். மலர் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் முஸ்அப்பின் வேன் வந்தது. அவன் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே, நெருக்கமான மடிப்புகளோடு, பெரியதற்குள் சின்னது வைத்த இரண்டடுக்கு பில்டர். விடாமல் அடித்த போன்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான் என்று நினைத்தபோது சிவநேசனுக்குக் கண் கலங்கியது.

முஸ்அப் பில்டர் கூட்டைத் துடைத்து, இரண்டையும் உட்காரவைத்து, ரப்பரைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்து மூடினான். சிவநேசன் சாவியைத் திருப்பினார். லோரி ஒருமுறை கறுப்பாக இருமியது. பிறகு எவ்வளவு மிதித்தாலும் புகையே இல்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டி, பள்ளி மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைத் தோரணையில் இறங்கினார்.

"தம்பி, என் மானத்தக் காப்பாத்திட்ட. தப்பு என் பேர்லதான். ஏர் எது, ஆயர் எதுன்னு புரியாத மாதிரி எழுதி உன்னையும் குழப்பிட்டேன். மன்னிச்சுக்க."

முஸ்அப் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் புரியாமல் பார்த்தான்.

"என்ன குழப்பம்ணே? நீங்க அனுப்பினது தெளிவாத்தான் இருந்துச்சு, நான் வெள்ளிக்கிழமையே கட்டி வச்சிட்டேன்; தண்ணி பில்டரை முதல்ல அனுப்பிடுங்க, அய்யாவு அண்ணன் அதை மாட்டி முடிச்சப்புறம் லோரி பில்டரைக் கொண்டாங்க, அதுவரைக்கும் போனை எடுக்காதீங்கன்னு மலர் அக்காதானே சொன்னாங்க."