ரொட்டிக்கடைக்குப் போன பச்சைக் கிண்ணங்கள்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் நலம், பூனையும் நலம். பூனை மட்டும் கொஞ்சம் நீலமாக இருக்கிறது, அதைக் கீழே எழுதுகிறேன். நீ அனுப்பிய சிவப்புச் சட்டை அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. விசேஷத்துக்குப் போடச் சொன்னால் கேட்காமல் பட்டறைக்கே தினமும் போட்டுக்கொண்டு வருகிறார். "பெரியவ விவரமா வாங்கியிருக்கா, மரத்தூள் பட்டாலும் தெரியாது" என்று எல்லோரிடமும் சொல்கிறார். சிவப்பில் தூள் பட்டால் எப்படித் தெரியாமல் இருக்கும் என்று அம்மா கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேரில் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்குத் தலை நரைத்துவிடும். நீ வேலை பார்க்கும் துணிக்கடையில் எனக்கும் ஒரு வேலை கேட்டு வை. வருகிறவர்களிடம் பேசுகிற வேலை வேண்டாம். பிரித்துக் காட்டிய துணிகளை மறுபடி மடித்து வைக்க ஆள் தேடுகிறார்கள் என்றாயே, அது போதும். துணி நம்மைக் கேள்வி கேட்காது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் வாய் வராமல் நட்ட கம்பம் மாதிரி நின்று, கடைசியில் படிப்பையே விட்டுவிட்டு வந்தவள் நான். அப்பாவின் கடைசல் பட்டறையில் மரத்தோடு மரமாக இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இங்கேயும் முடியவில்லை அக்கா.

ஏன் என்று கேட்பாய். எல்லாம் இந்தச் சாயத்தால் வந்தது. அப்பா கிண்ணம் கடைவார், நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், எண்ணெய் பூசுவேன், அவ்வளவுதான் முன்பெல்லாம் என் வேலை. ஒருநாள் அந்த வெளுத்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதற்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அதை அப்பாவிடம் சொல்லத் தைரியம் வராமல் அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, "மரத்துக்கு எதுக்குச் சாயம், அது என்ன நாடகத்துல நடிக்கவா போகுது?" என்று அப்பா சொன்னதை அம்மா திரும்ப என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம். ஆனால் மறுநாள் பார்த்தால், விரிசல் விட்ட கிண்ணங்களை அப்பா ஒரு கூடையில் போட்டு என் மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார். சரி, சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் பீட்ரூட். அம்மா சமையலுக்கு வைத்திருந்ததைத் துருவிப் பிழிந்து பூசினேன். பூசியதும் கிண்ணம் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுச் சிவந்தது. ஜன்னல் ஓரத்தில் வைத்தேன், வெயில் பட்டது, வாரம் முடிவதற்குள் பழைய காயக்கட்டுத் துணி நிறத்துக்கு வந்துவிட்டது. மஞ்சளும் அப்படியே, வெளுத்துப் பழையபடி மரமாகிவிட்டது. அப்புறம் வினிகரில் ஆணிகளை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பூசினேன். அது பிடித்தது அக்கா, சும்மா நிலக்கரி மாதிரி பிடித்தது. மேலே மெருகு பூசுவதற்கு முன்னால் காயட்டும் என்று பலகையில் வைத்துவிட்டுப் போனேன். பக்கத்துக் கடைத் தையல்கார மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, நம் வீட்டுத் தேநீர் கொதிக்கிற சத்தம் அவர் தையல் இயந்திரச் சத்தத்தையும் மீறி அவருக்குக் கேட்கும். அன்றைக்கு வந்தவர் தேநீர் சுடுகிறது என்று அதை அந்தக் கிண்ணத்தில் ஊற்றி ஆற்றியிருக்கிறார். தேநீரும் அந்த ஆணித் தண்ணீரும் சேர்ந்தால் மையாகிவிடும் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, எனக்கு என்னமோ ஆகுது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். அம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்து, "கண்ணு இருட்டலைடா, தேத்தண்ணிதான் இருட்டியிருக்கு, நாக்கை நீட்டு" என்றாள். நாக்கு கறுப்பு. அன்று முழுவதும் அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தெருவே நிம்மதியாக இருந்தது என்று அம்மா சொன்னாள். 

பிறகு மெருகு. கடையில் வாங்கும் எண்ணெய் தீர்ந்துவிட்டதே என்று தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைப் பூசினேன். அது காயவே இல்லை. இன்று காயும் நாளை காயும் என்று பார்த்தால், பட்டறையில் பறக்கிற தூளும் சுருளும் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு கிண்ணத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. நீலத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேனே, அது இதற்கப்புறம். நீலப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு தட்டில் வைத்திருந்தேன். பூனை அதைத் தட்டிவிட்டு, அதிலேயே நின்று யோசித்துவிட்டு, நான் பிடிப்பதற்குள் சுவரேறிக் குதித்துத் தையல்கார மாமா விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணியின் மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நடந்துவிட்டது. "மச்சான், உங்க வீட்டுப் பூனை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு, என்ன ஏதுன்னு விசாரிங்க" என்று அவர் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டில் மீந்த நீலத்தை ஒரு கிண்ணத்தில் தடவினேன். ஓரிடத்தில் அடர்த்தியாக, ஓரிடத்தில் வெளிறி, மழைக்கு முந்தின வானம் மாதிரி திட்டுத் திட்டாக வந்தது. அம்மா சிரித்தாள். மறுநாள் அந்தக் கிண்ணத்தைக் காணோம். அப்பா அடுப்புக்குப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்?

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தனை கூத்தும் அப்பா ஒரு தடவை என் நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல மாட்டாரா என்றுதான். நல்லா இருக்கு என்றுகூட வேண்டாம், கண்றாவி என்றாலும் போதும். ஒவ்வொன்றையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன். எடுத்துத் திருப்புவார், கட்டைவிரலால் விளிம்பைத் தடவுவார். "நார் எழும்பியிருக்கு பாப்பா, இன்னொரு தடவை தேய்" என்பார். இல்லாவிட்டால், "அடிப்பாகம் கனமா இருக்கு, அது என் தப்பு" என்பார். வைத்துவிடுவார். நிறம் என்று ஒன்று அதில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

கடைசியில் சிவப்பு கைவந்தது. பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசி, நார் எழும்பியதைத் தேய்த்து, மறுபடி பூசி, மேலே அரக்கும் தேன்மெழுகும் கொடுத்தேன். மாதுளை முத்து மாதிரி உள்ளிருந்து வெளிச்சம் வந்தது. புதிதாகத் திறக்கப்போகிற ரொட்டிக்கடை அம்மா அதைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் அடுக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க அதே சிவப்பில் கிண்ணங்கள் கேட்டார். கடைக்கதவு சிவப்பாம், பெயர்ப்பலகை சிவப்பாம். அப்பா கடைந்தார், நான் பூசினேன். சிவப்பை மேல்தட்டில் வைத்தேன். அதே அளவில் நான் பழகுவதற்காகப் பச்சை பூசியவை கீழ்த்தட்டில் இருந்தன. நான் கை கழுவி வருவதற்குள் அப்பா பெட்டியில் மரச்சுருளைப் போட்டு, கிண்ணங்களை அடுக்கிக் கட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்ன முகமலர்ச்சி அவருக்கு!

நேற்று ரொட்டிக்கடை அம்மா பெட்டியோடு வந்துவிட்டார். கடை திறந்த அன்று எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தாராம். "நான் சிவப்பு கேட்டேன். நீங்க பச்சையைக் கொடுத்திருக்கீங்க. பச்சைக் கிண்ணத்துல பிஸ்கட்டை வச்சா பூஞ்சை பூத்த மாதிரி இருக்கு. முதல் நாளே இப்படி நின்னேன், தெரியுமா?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அம்மா திரும்பி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நீதானே அடுக்கி வச்சே? ஒரு வேலையாவது ஒழுங்கா செய்ய மாட்டியா?" நான் சரியாகத்தான் வைத்தேன் அக்கா. மேல்தட்டில் சிவப்பு அப்படியே இருக்கிறது. அதைக் கைகாட்டியிருந்தால்கூடப் போதும். பழையபடி கம்பமாகிவிட்டேன். அப்பாவைப் பார்த்தேன். கட்டியது அவர்தான், அது அவருக்குத் தெரியும். அவர் குனிந்த தலை நிமிராமல், ஏற்கெனவே கூராக இருந்த உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திட்டு வாங்கியதற்காக இல்லை, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்புகிறேன். என் நிறத்தைப் பார்க்காதவர், என்னையும் பார்க்கவில்லை என்றால் நான் இங்கே யாருக்காகப் பூச வேண்டும்? ஆகவே முதலாளியிடம் சொல்லி வை. நான் நன்றாக மடிப்பேன். 

உன் உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, உன் அறைத் தோழிகளுக்கு என் அன்பைச் சொல். அவர்கள் என்னிடம் பேசினால் நான் தலையை மட்டும்தான் ஆட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதிய எதையும் செய்யாதே. முதலாளியிடம் சொல்லியிருந்தால் இல்லை என்று சொல்லிவிடு. (இன்னும் கடிதமே போகவில்லை, நீ எப்படிச் சொல்லியிருப்பாய்! எனக்குத் தலைகால் புரியவில்லை.)

விடியும் முன் இதை எழுதி முடித்து, இன்று காலையில் உறையை ஒட்டப் பசை எடுக்கப் பட்டறைக்குப் போனேன். அப்பா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தினார். ஒரு சிவப்புக் கிண்ணத்தையும் ஒரு பச்சைக் கிண்ணத்தையும் எடுத்து என் முன்னால் வைத்து, மெதுவாக, "பாப்பா, இதுல எது சிவப்பு?" என்றார். 

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும் அக்கா. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எனக்கு வருமே, அதே முகம். சிவப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுவா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சின்னதுலேருந்தே அப்படித்தான். சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லலை."

"அம்மாகிட்ட கூடவா?"

"உங்கம்மாகிட்டயா? தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும்." கிண்ணத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நேத்து உன்னைத் திட்டுறப்ப, நான்தான் மாத்திக் கட்டிட்டேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரலை பாப்பா."

"எனக்கும் வராதுப்பா," என்றேன்.

அவர் எழுந்து உளிப்பெட்டியைத் திறந்தார். உள்ளே அந்த நீலக் கிண்ணம். அதில் அவர் மூக்குக்கண்ணாடியும் பென்சிலும். "நீ போட்டதுல இது ஒண்ணுதான் எனக்கு நிறமாத் தெரிஞ்சுது. அதான் தூக்கி வச்சுக்கிட்டேன். ரொம்ப நல்லா இருக்கு," என்றார். பிறகு, "சிவப்புன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

நான் பேசினேன் அக்கா. தீட்டும்போது சூடேறின உளி விரலில் பட்டால் சுருக்கென்று இழுக்குமே, சிவப்பு அப்படி இருக்கும் என்றேன். ஈர மரத்தைக் கடையும்போது முகத்தில் தெறிக்கிற தண்ணீர்தான் பச்சை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். திரும்பிப் பார்த்தால் கதவைத் திறந்துகொண்டு அம்மா, கையில் தேநீரோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. "அப்ப, கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க காய்த் தக்காளியாவே வாங்கிட்டு வந்தது…" என்றவள் தேநீரை வைத்துவிட்டுப் போனாள். 

சிவப்புக் கிண்ணங்களை நானே கொண்டுபோய் ரொட்டிக்கடை அம்மாவிடம் கொடுத்தேன். "சிவப்பு" என்று சொன்னேன். "தெரியுதே" என்றார். இருந்தாலும் சொன்னேன். இனிமேல் பச்சை பூசியதன் அடியில் ஒரு சின்னக் கீறல் போடுவதாக அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். விரலுக்குத் தெரிந்துவிடும். 

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்திருந்தாள். நான் திரும்பி வந்தபோது தையல்கார மாமா வாசலில் நின்று, "மச்சான், அப்ப இந்தச் செக்கச்செவேல்னு இருக்குற சட்டையில ஊரைச் சுத்தினது தெரியாமலா? உங்களுக்கு இளமை திரும்பிடுச்சுன்னுல்ல நாங்க நினைச்சோம்!" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். நான்தான் மடித்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் மடிக்கிறேன்.

அடுத்த முறை நீலத்தில் வாங்கு அக்கா. நம் பூனையின் கால் நிறத்தில் கிடைத்தால் ரொம்ப நல்லது.