உரிமைக்காக நின்ற எட்டுக் கார்கள்

உரிமைக் காவலர் என்றொரு பிறவி உண்டு. ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இரண்டு பேர் இருந்துவிட்டால் அந்த ஊரில் இரண்டு சங்கங்கள் இருக்கும். அவரை அடையாளம் காண நீங்கள் அலைய வேண்டியதில்லை. கடையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னால், உள்ளே பாலும் அரைக் கிலோ தக்காளியும் மட்டுமே இருந்தாலும், "எந்தச் சட்டத்துல, எந்தப் பிரிவுல இருக்கு?" என்று கேட்டு, பின்னால் நிற்கும் பதினோரு பேரையும் காக்கவைத்து, கடைப்பெண் அழுகிற நிலைக்கு வந்ததும், "உன்மேல எனக்குக் கோபமே இல்லம்மா, இது கொள்கைப் பிரச்சினை" என்று ஆறுதலும் சொல்லி, கடைசிவரை பையைத் திறக்காமலே நடந்து போகிறாரே, அவர்தான். பால் அதற்குள் கெட்டுப்போயிருக்கும். கொள்கை கெடாது.

எங்கள் பார்க்கர்ஸ் பெண்ட் என்ற சிற்றூரில் அந்தப் பதவியை வகிப்பவர் லயனல் ட்ரெம்லெட். நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வேலிகளை அளந்து ஓய்வு பெற்றவர். கோடையோ குளிரோ, அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அரசமைப்புச் சட்டம். அதைப் படித்திருக்கிறாரா என்று கேட்கிறீர்களா? படித்திருக்கிறார். அதுதான் தொல்லையே. அவர் தலைவராக இருக்கும் குடிமக்கள் உரிமைச் சங்கத்துக்கு நான் செயலாளர். பதின்மூன்று வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நீச்சல் குளத்து வாசலில் பூர்வகுடிப் பிள்ளைகளின் பைகளை மட்டும் துழாவிக்கொண்டிருந்த கேவலமான வழக்கத்தை ஒரே வாரத்தில் நிறுத்திக் காட்டியவர் லயனல். நான் உட்பட ஊரே அதுவரை பார்த்தும் பாராமல்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வெற்றி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் முகம் வாடிக் கிடந்தார். பிறகு பேக்கரியில் கேமரா வைத்தார்கள், மனிதர் தெளிந்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கவுன்சில் தேர்தல் வந்தது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால், வழக்கமாகச் சாவடி அமைக்கும் ஊர் மன்றத்தின் கதவில் கவுன்சில் ஓர் அறிவிப்பை ஒட்டியது. வாக்காளர்கள் குறைவு என்பதால் இந்த முறை பார்க்கர்ஸ் பெண்டில் வாக்குச்சாவடி கிடையாது. அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, கவுன்சில் அலுவலகம் இருக்கும் நகரத்துக்கு வந்து வாக்களிக்கவும். எங்கள் நாட்டில் வாக்களிப்பது கட்டாயம்; வாக்களிக்காதவர்களுக்கு வழக்கம்போல அபராதம். கதவையும் பூட்டிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று தண்டமும் கேட்பது உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது நடக்குமா?

சங்கம் கூடியது. முதல் வரிசையில் ஆன்ட்டி மெர்ல். எழுபத்தேழு வயது. பூர்வகுடியைச் சேர்ந்தவர், அந்தக் குடியில் மூத்த பெண்களை ஆன்ட்டி என்றுதான் அழைப்பார்கள், அதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அவர் ஆன்ட்டி. இருபது வருடம் மதுக்கடைச் சமையலறையை ஆண்டவர். கண் மங்கியதால் இரண்டு வருடத்துக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. தபாலில் போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "போன தடவை தபால் ஓட்டுச் சீட்டு தேர்தல் முடிஞ்சு மூணாம் நாள் வந்துச்சு. அத வெச்சு அடுப்புதான் பத்தவெச்சேன்" என்றார்.

அவர் லயனலிடம் கேட்டது மிகச் சிறியது.

"லயனல், ரெண்டு வரி எழுதுப்பா. எங்க ஊர்ச் சாவடிய எங்க ஊர்லயே வைங்கன்னு. மொதக் கையெழுத்து நான் போடறேன்."

"மெர்ல், உரிமைங்கறது ரெண்டு வரியில அடங்கற விஷயமா?"

"எனக்கு உரிமை வேணாம்ப்பா. பெட்டி வேணும்."

லயனல் புன்னகைத்தார். உரிமைக் காவலர்களுக்கென்றே ஒரு புன்னகை உண்டு. பாதிக்கப்பட்டவருக்குத் தன் பாதிப்பின் ஆழம் தெரியவில்லையே என்ற பரிதாபம் அதில் இருக்கும்.

மூன்று வாரம் எழுதினார். ஏழு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் ஆதி மனிதன் சுதந்திரமாகத் திரிந்தான். மூன்றாம் பக்கத்தில் பேக்கரி கேமரா. ஐந்தாம் பக்கத்தில், நாய்களைக் கயிறில்லாமல் உலவவிடும் உரிமைக்கும் டிரோன்கள் தோட்டத்தை எட்டிப் பார்ப்பதற்கு எதிரான கண்டனத்துக்கும் நடுவில், ஒருக்களித்துப் படுத்த மாதிரி எங்கள் வாக்குச்சாவடி. ஒரு விதி இருந்தது: கையெழுத்து வாங்கும் ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் மனு செல்லாது. அறிவிப்பின் அடியிலேயே போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்துக் காட்டினேன்.

"யார் போட்ட விதி?" என்றார் லயனல்.

"கவுன்சில்தான்."

"குடிமகன் எப்படி வாயத் தொறக்கணும்னு கவுன்சிலா சொல்லித் தரும்? எழுதாதே. இது கொள்கைப் பிரச்சினை."

நான் எழுதவில்லை. நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பக்கத்தையும் படித்தவர் எவரும் இல்லை. நாய் வைத்திருந்தவர்கள் நாய்க்காகப் போட்டார்கள். டிரோனால் குளிக்க முடியாமல் போனவர் டிரோனுக்காகப் போட்டார். ஒன்பதாம் நாள் மனு செல்லாது என்று திரும்பி வந்தது. லயனல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்த தகப்பனின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்களே, அந்த முகம்.

"பாத்தியா! இப்ப மனு கொடுக்கற உரிமையையும் பறிச்சுட்டான்!"

ஆக, தேர்தல் சனிக்கிழமை அன்று பூட்டிய மன்றத்தின் முன்னால் அறப்போராட்டம் என்று முடிவாயிற்று. போராட்டக்காரர்களாகிய நாங்கள் முந்தின வாரமே நகரத்துக்குப் போய், முன்கூட்டி வாக்களிக்கும் மையத்தில் ஓட்டைப் போட்டுவிட்டோம். எட்டுப் பேர், எட்டுக் கார், தனித்தனியாக. லயனல்தான் எல்லாருக்கும் முன்னால் போனவர். போராட்டத்துக்கு ஒருநாள் முழுதும் ஒழிய வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை காலை எட்டுக் கார்களும் மன்றத்து வாசலில் நின்றன. ஏழு பேர் ஏறும் பெரிய வண்டி வைத்திருக்கும் பெர்னி, தேர்தல் நாளில் சாவடி வாசலில் தின்னக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடாமல் வெங்காயம் வதக்கி, ரொட்டியில் இறைச்சிச் சாசேஜை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாவடி இல்லை, சாசேஜ் உண்டு. ஆன்ட்டி மெர்ல் நல்ல கோட்டு, உதட்டுச் சாயம், கைப்பை சகிதம் வந்து சேர்ந்தார். அவரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, "இவருக்கு ஓட்டு இல்லை" என்று எழுதிய அட்டையை மடியில் வைத்தார் லயனல். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் மெர்ல்.

மணி மூன்று ஆனது. வாக்குப்பதிவு ஆறு மணிவரை.

"இப்பக் கெளம்பினாக்கூட நாலு மணிக்குப் போயிடலாம்," என்றார் மெர்ல். "யாராவது கூட்டிட்டுப் போறீங்களா?"

பெர்னி கரண்டியைக் கீழே வைத்தார். "நான் வேணா ஒரு எட்டு..."

"பெர்னி," என்றார் லயனல், "நீ நல்லவன். அதான் பிரச்சினை. மெர்ல் போய்ப் போட்டுட்டா நாளைக்குக் கவுன்சில் என்ன சொல்லும்? அதான் வந்து போட முடிஞ்சுதேன்னு சொல்லும். மெர்லால போக முடியலைங்கறதுதான் நம்ம கையில இருக்கற ஒரே ஆதாரம். அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரர் வேற வரார்."

"அப்ப நான் ஓட்டுப் போடாம இருந்தாத்தான் என் ஓட்டுரிமைக்கு நல்லதுங்கற."

"இந்த ஒரு தடவை மட்டும், மெர்ல்."

"எங்கம்மாகிட்டயும் இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க. பூர்வகுடிங்களுக்கு ஓட்டு வந்தப்ப அவங்களுக்கு நாப்பத்தொரு வயசு."

பெர்னி வெங்காயத்தைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன். கார்ச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது; அது குத்துவதுகூட எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்க எனக்கு எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: பத்திரிகைப் படத்தில் நானும் இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

ஐந்து மணிக்குப் படம் எடுத்தார்கள். ஆறு அடித்தது. மெர்ல் அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குக் கொண்டுவிட ஐந்து பேர் முந்திக்கொண்டு ஓடினோம். "வேணாம், இது நடக்கற தூரம்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சில வாரம் கழித்து அவருக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. வாக்களிக்காததற்கு அபராதம், தக்க காரணம் இருந்தால் கீழே உள்ள கட்டத்தில் எழுதி அனுப்பலாம். கண் சரியாகத் தெரியாதவர் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார். பேனாவை எடுத்தேன்.

"எழுது," என்றார். "வாசல்ல எட்டுக் கார் நின்னுச்சு. எல்லாம் என் ஓட்டுரிமையக் காப்பாத்த வந்த கார். அதனால என்னைக் கூட்டிட்டுப் போக ஒரு கார்கூடக் கெடைக்கல."

எழுதினேன். கட்டம் சின்னது, ஆனாலும் இடம் போதுமானதாக இருந்தது. இதைக் கேள்விப்பட்ட லயனல், கவுன்சிலுக்கு எதிரான ஆவணங்களோடு சேர்க்க அதன் நகல் ஒன்றைக் கேட்டு என்னிடம் வந்தார். கவுன்சிலைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

நீங்கள் லயனலைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் அவருடைய காரைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். வாசலில் இன்னும் ஏழு நிற்கின்றன. ஒன்று என்னுடையது. மற்ற ஆறில் உங்களுடையது எது?