பதினெட்டாவது முளையும் பதினான்கு படுக்கை விரிப்புகளும்

வாழ்க ஆர்ச்சிபால்ட் டன்னட்! மணற்குன்றுகளின் மனமறிந்தோன், முட்புதர்க் காட்டை முகம்பார்த்தே அளப்போன், வடகடல் வீசும் வாடையிலும் வளையாத மீசையோன், சட்டைப்பையில் ஓட்ஸ் அடையும் கக்கத்தில் கொட்டாப்புளியும் தரித்த வீரசிகாமணி வாழ்க! மேகங்களே, சற்றே பொறுங்கள். கடற்காகங்களே, வாய் மூடுங்கள். எங்கள் கில்ஹேவன் ஊருக்குக் கோல்ஃப் மைதானம் சமைத்த பெருந்தகையின் போர்க்கதையை இதோ தொடங்குகிறேன். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வயிறு எரிந்தால் எரியட்டும், எனக்கென்ன.

அந்நாளில் மைதானம் சமைத்தல் என்பது ஒரே நாள் வேலை. சமைப்பவன் விடியலில் வருவான். கடலோரப் புல்வெளியைக் காலால் அளந்து, குழிக்கு ஒன்றாகப் பதினெட்டு மரமுளைகளை அறைவான். மாலை ரயிலில் போய்விடுவான். டன்னட்டோ அதுகாறும் பன்னிரண்டு ஆண்டு, அடுத்த ஊர்ப் பட்டறையொன்றில், பிறர் வீசும் கோல்ஃப் மட்டைகளுக்குத் தலை ஒட்டிப் பிறர் புகழுக்குப் பசை காய்ச்சியவன். தன் பேர் சொல்ல ஒரு மைதானம் வேண்டுமென்று ஏங்கிக் கிடந்தவனை முதன்முதலாக அழைத்தது எங்கள் சங்கம். அழைத்த தலைவர், பிடரிமயிர் போல் கிருதா வளர்த்த மேஜர் ஸ்ட்ராகன், ஆணையும் இட்டிருந்தார்: திங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் பதினெட்டு முளையும் நிற்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் எடின்பரோ நிபுணருக்குத் தந்தி பறக்கும். தந்தி பறந்தால் டன்னட் பசைச்சட்டிக்கே திரும்ப வேண்டியதுதான்.

முந்தின நாள் ஞாயிறு. எங்கள் பக்கத்தில் ஓய்வுநாளில் சீழ்க்கை அடித்தாலே பாதிரியார் பெயர் சொல்லிக் கண்டிப்பார். முளை அறைவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே நம் வீரன் தேவாலயத்துப் பாதையை விட்டு ஓரடியும் விலகாமல், தொப்பியைக் கையிலேந்தி, கண்ணால் மட்டும் நிலத்தை மேய்ந்தான். மேய்ந்த கண் ஓரிடத்தில் நின்றது. மனிதரும் ஆடும் இல்லாத, காற்றுக்கு மறைவான, மரகதத்தை அரைத்துப் பூசினாற்போன்ற ஒரு பசும்புல் பள்ளம்! கடைசிக் குழிக்கு அதைவிடச் சிம்மாசனம் ஏது? அன்றிரவே மற்றப் பதினேழையும் அதை நோக்கியே வளைத்து மனக்கோட்டை கட்டிவிட்டான். ஊர் முழுக்கத் திங்களன்றுதான் துணி துவைக்கும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வாடகை வீட்டம்மா மடித்துத் தரும் சட்டையை மட்டுமே அறிந்த பிரம்மச்சாரிக்கு அது உறைக்கவில்லை.

திங்கள் விடிந்தது. முட்புதர் கிழிக்க, முயல்வளை இடற, பதினேழு முளைகளைப் பதினேழு கோட்டைக்கொடிகளாய் நாட்டி, பகல் இரண்டு மணிக்கு வெற்றிக்களிப்போடு அந்தப் பசும்பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றான் டன்னட். பார்த்தால், பள்ளம் முழுவதும் வெள்ளை. பதினான்கு படுக்கை விரிப்புகள், ஒன்பது தலையணை உறைகள், மேஜரின் இரவுச்சட்டை இரண்டு, யாவும் வெயிலில் வெளுக்க விரிந்துகிடந்தன. நடுவே, வெண்படை நடுவண் நின்ற தானைத்தலைவியாய், முழங்கை வரை சிவந்த கரங்களோடு, பூவாளி ஏந்தி நின்றாள், கூலிக்கு ஊர்த்துணி வெளுக்கும் விதவை எஃபி கில்கிரிஸ்ட்.

போர் மூண்டது! இரு விரிப்புகளுக்கிடையே விரலகலப் பசுமை கண்டு பாய்ந்து, கொட்டாப்புளி இடியென முழங்க, முளையை அறைந்தான் வீரன். அம்முழக்கம் அடங்குமுன் அதைப் பிடுங்கி, காற்றில் படபடத்த விரிப்பொன்றின் மூலையில் பாரமாக வைத்தாள் எஃபி.

"நல்ல கனமாத்தான் இருக்கு. இன்னும் மூணு இருந்தா குடுத்துட்டுப் போப்பா."

சீறினான், கைவசமிருந்த உபரி முளையை உருவினான், மறுபுறம் சுற்றிவந்து இரண்டாம் முறை பாய்ந்தான். அந்தோ! வாயுபகவான் எதிரிப்பக்கம் சேர்ந்தான். ஈர விரிப்பொன்று எழுந்து வந்து, மீசை முதல் முழங்கால் வரை அவனை மூடிக்கொண்டது. உள்ளே அவன் சுழன்ற சுழற்சியும், வெளியே அவள் விரிப்பு கிழியுமென்று அதட்டிய அதட்டலும் துறைமுகம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். விடுபட்டபோது தொப்பியைக் காணோம்.

அப்போது அவன் ஓர் அறைகூவல் விடுத்தான்: இது கலை, இது கணக்கு, நாளைய உலகம் இந்தப் பள்ளத்தின் பேர் சொல்லும், விலகுக என்று. அவளும் பூவாளியை இறக்கிவைத்து, பழைய அரசர் கில்ஹேவனுக்கு அருளிய பட்டயத்தை நெட்டுருவாக ஒப்பித்தாள்: இவ்வூர்ப் பெண்டிர் திங்களும் செவ்வாயும் இப்புல்லில் துணி வெளுக்கத் தடையில்லை, கடல் வற்றும் வரை. ஒப்பித்துவிட்டு, கடல் வற்றியிருக்கிறதா பார் என்பதுபோல் கரைப்பக்கம் கையைக் காட்டினாள்.

வற்றவில்லை. மணி இரண்டே முக்கால். மண்டியிட்டான் மாவீரன். பன்னிரண்டாண்டுப் பசைநாற்றம் மூக்கில் ஏறிற்று. கண் கலங்கியே போனது, மறைப்பானேன். ஊன்றிய உள்ளங்கை புல்லில் பட்டது. பட்ட கை அப்படியே நின்றது. ஒரு கல் இல்லை, ஒரு களை இல்லை. பந்தை வைத்து ஊதினால் உருளும் போலிருந்தது. இந்தக் கரையோரம் முழுக்க நடந்தவன், இப்படியொரு புல்லைத் தொட்டதேயில்லை.

"இந்தப் புல்லை யாரும்மா இப்படி வளர்த்தது?"

"யாரு வளப்பா? துணி வெளுக்க முப்பது வருஷமா தண்ணி தெளிக்கிறேன். கிழிஞ்சிடக் கூடாதேன்னு கல்லு முள்ளெல்லாம் பொறுக்கிப் போடுறேன். ஆடு வந்தா வெரட்டுறேன். புல்லு தானா வளருது."

டன்னட் கணக்குப் போட்டான். இவளை விரட்டினால் இரண்டே கோடையில் இந்தப் பள்ளம் கட்டாந்தரை. தான் வகுத்த பதினேழும் ஒருபுறமிருக்க, இந்த மைதானத்தின் மிகச் சிறந்த குழியைத் தனக்கு முன்பே, தன்னைவிட நன்றாக, ஒருத்தி சமைத்து முடித்துவிட்டாள். மேஜரும் சங்கத்தாரும் மேடேறி வரும் காலடி கேட்டது. நம் வீரன் எழுந்து, மீசையிலிருந்து நீர் சொட்ட, பாரமாய்க் கிடந்த முளையை எடுத்து, அரசிக்குச் செங்கோல் நீட்டும் அமைச்சன் போல் இரு கைகளாலும் அவளிடம் நீட்டினான்.

"நீங்களே நடுங்கம்மா. எங்கேன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எஃபி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, ஒரு விரிப்பை மடித்து இடம் பண்ணி, தண்ணீர் தேங்காத சிறு மேட்டைக் குதிகாலால் தட்டிப் பார்த்து, முளையை ஊன்றி, இரண்டே அடியில் இறக்கினாள். அதோடு விடவில்லை, பந்து துணிமேல் விழுந்தால் என்ன செய்வதென்று ஒரு விதியும் சொன்னாள். மேஜர் முகம் சிவந்தார். தம் இரவுச்சட்டை ஊரறியக் கிடந்ததைக் கண்டதும் மறுபேச்சின்றிக் கையொப்பமிட்டார். முளைகள் எண்ணப்பட்டன, பதினெட்டும் இருந்தன. தந்தி பறக்கவில்லை.

பின்பு வந்தது தொடக்க விழா! மாவட்டமே திரண்டது, தோற்பைக்குழல்கள் பிளிறின, கொடிகள் துடித்தன, புதுக்கோட்டு அணிந்த டன்னட் முதல் வரிசையில் நிமிர்ந்து நின்றான். எஃபியைக் கேளாமல் சங்கத்தார் குறித்த அந்தத் திங்கட்கிழமையில், பதினேழு குழிகளையும் வென்ற மேஜர் ஸ்ட்ராகன், கிருதா காற்றில் அலைய, புவி அதிரக் காலூன்றி, வானைப் பிளக்கும் வீச்சொன்று வீச, வெண்பந்து விண்ணேறி, கதிரவனை ஒருகணம் மறைத்து, குன்றுகளைக் கடந்து, கூட்டம் மூச்சடக்க, கடைசிக் குழியை நோக்கி இறங்கி, எஃபியின் தலையணை உறைமேல் மெல்ல அமர்ந்தது. எஃபியின் விதி எழுதிய பலகையை டன்னட் சுட்டிக்காட்டினான்.

மேஜர் போய்க் கை கழுவிவிட்டு வந்து பந்தை எடுத்தார்.